அறிவிப்பில் “1 மீட்டர்” என்றால் எங்கள் வாசலில் எவ்வளவு? (வேதாரண்யம், கடல் ஏற்றம், கல்சுவர்)

கடைமடை:

எல்லோருக்கும் வணக்கம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். கூட நான்கு ஆடு, ஒரு பசு. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் இதையெல்லாம் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது, அதனால் இப்போதே கேட்கிறேன்.

2018 நவம்பர் 15 இரவு, கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். கடல் ஒரு மீட்டர் வரை உயரலாம் என்று முன்னரே அறிவிப்பு வந்தது. அப்பா அதைக் கேட்டுவிட்டு, “ஒரு மீட்டர் அலைதானே, மழைக்காலத்துல நம்ம கடல் அதைவிடப் பெருசா அடிக்குது” என்றார். பள்ளிக்கூடத்து முகாமுக்கு வர மறுத்துவிட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

நள்ளிரவுக்கு மேல் வடக்கிலிருந்து காற்று. ஓடுகள் வரிசை வரிசையாகப் பெயர்ந்து போயின. பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் நின்றது. புயல் போய்விட்டது என்று அம்மா விளக்கை ஏற்றினார். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று திரும்ப அடித்தது. தண்ணீர் அப்போதுதான் வந்தது. நாங்கள் கிழக்கே, கடற்கரைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கொல்லைப்புறமாக, வடிகால் வழியாக வந்தது. சத்தமே இல்லை. அடுப்படியில் இருந்த முறம் மிதந்து வந்து என் கணுக்காலில் இடித்தபோதுதான் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதே தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் செங்கல் கொடுத்து அம்மாவை மேலே உட்கார வைத்தோம்.

விடிந்தபின் வடிந்தது. விட்டுப்போனது சேறு. சாம்பல் நிறம், களிம்பு மாதிரி வழவழப்பு, உள்ளே சிப்பியும் நண்டுக்குஞ்சும். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. கிணற்றை எத்தனை முறை இறைத்தோம் என்று கணக்கே இல்லை. அடுத்த மழைக்காலம் வரைக்கும் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. தண்ணீர் நின்ற கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. அம்மா அதன்மேல் வெள்ளை அடிக்க விடமாட்டார்.

கேட்க நினைப்பது இவ்வளவுதான். ஒரு மீட்டர் என்று சொன்னால் எதிலிருந்து ஒரு மீட்டர்? அதை வைத்து எங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? ஊரில் கல்சுவர் கேட்டு மனு கொடுக்கப் போகிறார்கள், அதில் அப்பா கையெழுத்துப் போடலாமா?

மட்டக்கோல்:

தம்பி, நான் ஒரு துறைமுகத்தில், கடல் தினமும் ஏறி இறங்கும் ஓதத்தின் அளவுகோலைப் பார்த்துக் குறித்து வைக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன். உங்கள் முதல் கேள்வியைத்தான் ஒவ்வொரு புயலுக்கும் யாராவது ஒருவர் கேட்பார். பொறுமையாகச் சொல்கிறேன்.

ஒரு மீட்டர் என்பது அலையின் உயரம் இல்லை. கடல் மட்டமே மேலே வரும் உயரம். குளத்தில் கல்லை எறிந்தால் எழும்புகிற அலை வேறு, குளமே நிறைந்து கரை தளும்புவது வேறு. புயலில் நடப்பது இரண்டாவது. அப்படி ஏறிய மட்டத்தின் மேல் நின்றுகொண்டுதான் அலைகள் அடிக்கும். அப்பா சொன்ன மழைக்கால அலை வந்து அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். இது சில மணி நேரம் போகாது.

அறிவிப்பை முழுதாகப் படித்தால் “வழக்கமான ஓத மட்டத்துக்கு மேல்” என்று ஒரு சொல் இருக்கும். தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரியில் விழுந்துபோவது அந்தச் சொல்தான். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. அந்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருக்கிறதா வற்றத்தில் இருக்கிறதா, அன்று அமாவாசையா அட்டமியா என்பதைச் சேர்க்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இப்போது கஜாவைப் பாருங்கள். 2018இல் தீபாவளி அமாவாசை நவம்பர் 7. திருக்கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் 23. கஜா வந்தது இரண்டுக்கும் நட்டநடுவே, வளர்பிறை அட்டமியை ஒட்டி. மாதத்திலேயே கடல் ஏற்றம் குறைவாக இருக்கும் நாள்கள் அவை. உங்கள் வீட்டுக்குள் வந்தது அட்டமித் தண்ணீர், தம்பி.

எல்லாப் புயலும் அப்படி நாள் பார்த்து வருவதில்லை. 1977 நவம்பர் 12 அதிகாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல் அமாவாசைக்கு மறுநாள் வந்தது. தனுஷ்கோடியைக் கொண்டுபோன 1964 டிசம்பர் 22 இரவு, பௌர்ணமி கழிந்து மூன்றே நாள். பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் அப்படியே கடலுக்குள் போனது அந்த இரவில்தான். வங்கதேசத்தில் (அப்போது கிழக்குப் பாகிஸ்தான்) 1970 நவம்பர் 12 இரவு போலா புயல் வந்தபோது மறுநாள் பௌர்ணமி, கடலும் ஏற்றத்தில் இருந்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

நம் பகுதியில் அமாவாசை ஓதத்துக்கும்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். கொல்கத்தாப் பக்கத்து ஹூக்ளி முகத்துவாரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் வேதாரண்யம் சதுப்பில் நிலமே அவ்வளவு உயரம்தானே இருக்கிறது. அரை அடி அங்கே பெரிய சொத்து.

தோணித்துறை:

மட்டக்கோல் ஐயா சொல்வது சரி. நான் நாகைப் பக்கம், பைபர் படகு. ஒன்று கேட்கிறேன். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்களே, எட்டாம் எண், ஒன்பதாம் எண், பத்தாம் எண் என்று. ஊரில் எல்லோரும் நம்பர் ஏற ஏற ஆபத்து ஏறுது என்றுதான் நினைக்கிறோம். தண்ணீர் வருமா வராதா என்று கூண்டு சொல்லுமா?

மட்டக்கோல்:

கூண்டு கப்பலுக்காக வந்தது. தண்ணீரைப் பற்றி நேராக எதுவும் சொல்லாது. ஆனால் படிக்கத் தெரிந்தால் அதில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது.

எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே கடும் புயலுக்கானவை. எட்டு என்றால் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கும். ஒன்பது என்றால் வலப்பக்கம் இருக்கும். பத்து என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடக்கும். ஆகவே ஒன்பது எட்டைவிடப் பெரியது என்று எண்ணக்கூடாது, அது பக்கத்தைக் குறிக்கிறது.

நம் கடற்கரைக்குப் புயல் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது. அப்படி வந்தால் அதன் வலப்பக்கம் வடக்கு. நம் பாதிப் பூமியில் புயல்காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வடக்கே கடல் ஏறும், தெற்கே கடல் உள்வாங்கும். புயல் நேரத்தில் ஒரு ஊரில் கடல் ஊருக்குள் வந்தது என்றும் இன்னொரு ஊரில் அரை கிலோமீட்டர் உள்வாங்கியது என்றும் ஒரே நாளில் செய்தி வருவது இதனால்தான். ஒன்பதாம் எண் என்றால் தண்ணீர் ஏறும் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடியக்கரைக்கு மட்டும் இந்தக் கணக்கு திரும்பிவிடும். அங்கே கரை வளைந்து தெற்கே பார்க்கிறது. கடைமடை தம்பியின் வீட்டில் நடந்தது அதுதான். முதலில் வடகாற்று பாக் விரிகுடாவின் தண்ணீரைத் தெற்கே தள்ளியது. மையம் கடந்ததும் காற்று தெற்கே திரும்பி, போன தண்ணீரையும் சேர்த்து வடகரைக்குக் கொண்டுவந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து ஒரு பக்கம் சாய்த்து, பிறகு சட்டென்று மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். பாக் விரிகுடா நிஜமாகவே தாம்பாளம்தான், பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஆழம் குறையக் குறையக் காற்று தண்ணீரைக் குவிப்பது எளிது. காற்றழுத்தம் குறைவதாலும் கடல் கொஞ்சம் எழும்பும், ஒரு மில்லிபாருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. ஆனால் பெரிய வேலை காற்றுடையது.

அதனால் காற்று நின்றதும் விளக்கேற்றிய அம்மாவிடம் சொல்லுங்கள்: உங்கள் ஊரில் அந்த அமைதிக்குப் பிறகுதான் தண்ணீர்.

கடைமடை:

ஐயா, இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன். தாம்பாளத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப கிழக்கால கல்லு போட்டு என்ன பண்றது” என்று கேட்டார்.

அலையாத்தி:

அப்பா கேட்டதுதான் இந்த இழையின் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். நான் முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டு வேலையில் இருந்திருக்கிறேன்.

டெல்டாவின் கடைமடையில் கடல் கரையைத் தாண்டி வருவதைவிட வாய்க்கால் வழியாக வருவதுதான் அதிகம். அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் எல்லாம் கடைசியில் தண்ணீரைக் கடலில் கொண்டுபோய் விடுபவை. கடல் ஏறினால் அதே வழியில் உள்ளே வரும், வழி இருபக்கமும் திறந்ததுதானே. முகத்துவாரத்துக்கு முன்னால் கதவணை இருக்கிற இடங்களில்கூட, பலகை துருப்பிடித்து இறங்காமல் நின்றாலோ யாரும் நேரத்துக்கு இறக்காமல் விட்டாலோ அது வெறும் தூண். வெண்ணாறு உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் இந்த ஆறுகளின் கரையை உயர்த்தி, கடைமடைக் கதவணைகளைப் புதுப்பிக்கும் திட்டத்தை எடுத்ததே இதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் நம் பக்கத்து விவசாயிகள் “கடல் தண்ணி வாங்கல” என்பார்கள். மேலே பெய்த மழை வடிகால் நிறைய வந்து நிற்கும், வெளியே கடல் ஏற்றமாக இருக்கும், ஒரு சொட்டும் இறங்காது. நெற்பயிர் மூழ்கிக் கிடப்பது பெரும்பாலும் அந்த நாள்களில்தான். கதவை மூடினால் கடல் வராது, ஆனால் மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கும். திறந்தால் இது வடியும், அது வரும். இரண்டையும் பார்த்து வற்றத்துக்குத் திறந்து ஏற்றத்துக்கு மூட ஒரு ஆள் இரவு பகலாக அங்கே இருக்க வேண்டும். மனுவில் அந்த ஆளைக் கேளுங்கள், பலகைக்கு கிரீஸ் கேளுங்கள்.

தோணித்துறை:

சுவர் வேண்டாம் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். எங்கள் தெருவில் கடைசி வரிசை வீடுகள் மூன்று போன பிறகுதான் கல் கொட்டினார்கள். கொட்டிய பிறகு நாலாவது வீடு நிற்கிறது. அதில்தான் என் அக்கா இருக்கிறார். கல் இல்லாவிட்டால் அக்கா எங்கே போவார்? காடு வளர்க்கலாம் என்றால் அது வளர எத்தனை வருஷம்?

அதே நேரம் மறைக்கவும் இல்லை. கல் கொட்டியதும் படகு ஏற்ற மணல் இல்லாமல் போனது. வலை உலர்த்த இடமில்லை. எங்களுக்கு வடக்கே இருக்கிற ஊரில் கரை அரிக்க ஆரம்பித்தது, அங்கேயும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அவர்கள் முகத்தில் விழிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

செல்லானம்மருமகள்:

தோணித்துறை அண்ணே, உங்கள் வலி எனக்குத் தெரியும். நான் தூத்துக்குடி, கல்யாணமாகி கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் இருக்கிறேன். 2021 மே மாதம் டவ்தே புயல் சமயத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. அரிசிப்பானை, பாடப்புத்தகம், மாமியாரின் தையல் மிஷின் எல்லாம் உப்புத்தண்ணீரில். அதற்குப் பிறகு டெட்ராபாட் வைத்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுவர் கட்டினார்கள், 344 கோடி ரூபாய். நான்கு கால் வைத்த கான்கிரீட் கட்டைகள், ஒன்றோடொன்று கோத்து நிற்கும். அலை அதன் இடுக்குகளில் புகுந்து உடையும். அதன் பிறகு எங்கள் தெருவுக்குள் கடல் வரவில்லை. மழைக்காலத்தில் மாமியார் இப்போது இரவில் தூங்குகிறார். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே கண்ணமாலி, செறியகடவு. எங்களிடம் வராத கடல் அங்கே போகிறது. அவர்கள் சாலையில் உட்கார்ந்து போராடும்போது நாங்களும் போய் உட்கார்ந்தோம்.

மட்டக்கோல்:

தோணித்துறை சொன்ன வடக்கூர் அரிப்புக்குக் காரணம் சொல்கிறேன். நம் கிழக்குக் கரையில் வருஷம் முழுவதும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடக்கிறது. நடுவில் எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே பசி. சென்னைத் துறைமுகம் கட்டியதால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் காசிமேடு பக்கம் கடல் தின்றது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகக் கரம் நீட்டிய பிறகு ஊர்க் கடற்கரையே காணாமல் போய் வெறும் கருங்கல் ஆனது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தண்ணீருக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டை இறக்கிய பிறகு அங்கே மணல் திரும்பியது. அதைப் போய்ப் பாருங்கள். கரைக்கு வருமுன்பே அலையின் வேகத்தைக் குறைத்தால் மணல் தானாக நிற்கிறது.

சுவர் அலைக்குப் பதில் சொல்லும். ஏறிவந்த கடல் மட்டத்துக்கு, அதுவும் பின்பக்கம் திறந்திருக்கும் ஊரில், அதனால் பதில் சொல்ல முடியாது.

அலையாத்தி:

தோணித்துறை அண்ணன் கேட்டது நியாயம், காடு நாளைக்கே வளராது. காட்டைப் பற்றி அளவுக்கு மீறி நம்பிக்கை கொடுக்கவும் நான் விரும்பவில்லை. ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு அலையாத்தி இருந்தால், ஏறிவரும் தண்ணீர் மட்டம் இடத்தைப் பொறுத்துச் சில சென்டிமீட்டரிலிருந்து அரை மீட்டர் வரை குறையும். பத்து வரிசை மரம் நட்டு அதற்குப் பெயர் பாதுகாப்பு என்று வைத்தால் ஏமாற்றம்தான். ஆனால் அலையின் மேல்பாய்ச்சலைக் காடு நன்றாகவே உடைக்கும். ஒடிசாவில் 1999 அக்டோபர் 29 சூப்பர் புயலில் கேந்திரபாரா மாவட்டக் கிராமங்களை எடுத்து சௌதாமினி தாசும் ஜெஃப்ரி வின்சென்டும் ஆராய்ந்தார்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே அலையாத்தி அகலமாக இருந்த கிராமங்களில் சாவு குறைவு.

முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று. செடி நடுவதைவிட வாய்க்கால் வெட்டுவது முக்கியம். வெட்டி அழித்த இடம் நடுவில் குழிந்துபோகும், ஏற்றத்தில் வந்த கடல் நீர் வற்றத்தில் திரும்பாமல் தேங்கி, வெயிலில் உப்பாகி, நட்டதெல்லாம் கருகும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தார் மீன்முள் மாதிரி நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் காடு எழுந்தது. கஜாவில் அந்தக் காட்டுக்கும் பலத்த அடி. ஆனாலும் வேர் பிடித்த இடத்துச் சேறு அங்கேயே இருந்தது.

ராஜி_டெல்ஃப்ட்:

நான் நெதர்லாந்தில் இருக்கிறேன், பெரிய கட்டுமானங்களின் நாடு. அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் ஏறியபோது இங்கே 1836 பேர் இறந்தார்கள், இங்கிலாந்தில் 307 பேர். அன்றும் பௌர்ணமி ஓதம்தான். வானிலை நிலையம் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. ஆனால் இரவில் வானொலி ஒலிபரப்பு கிடையாது, சனிக்கிழமை இரவு, பல கிராமங்களுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

அதற்குப் பிறகு வந்தவைதான் டெல்டா திட்டம் என்ற கடல்தடுப்பு அணைகளும், 1997இல் ராட்டர்டாம் நீர்வழியில் திறந்த மேஸ்லாண்ட் தடுப்பும். இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், கடல் ஏறும்போது மிதந்து வந்து வாயை மூடும். 2023 டிசம்பரில் ஏறிய தண்ணீரைப் பார்த்து அதுவாகவே மூடிக்கொண்டது. லண்டனில் தேம்ஸ் தடுப்பும், வெனிசில் 2020இலிருந்து இயங்கும் மோசே கதவுகளும் இதே கருத்துதான். எல்லாமே முகத்துவாரத்துக் கதவுகள் என்பதைக் கவனியுங்கள். அலையாத்தி அண்ணா சொன்ன கடைமடைக் கதவணையின் பெரிய அக்காமார்கள் இவை.

இங்கேயும் இப்போது கல்லைவிட மணலைத்தான் அதிகம் நம்புகிறார்கள். 2011இல் தென் ஹாலந்துக் கரையில் ஒரே இடத்தில் இரண்டு கோடி கன மீட்டருக்கு மேல் மணலைக் கொட்டிவிட்டு, அதைக் கரையெங்கும் பரப்பும் வேலையைக் கடலுக்கே விட்டார்கள். மணல்மேட்டில் நடக்க இங்கே தனிப் பாதை உண்டு, புல்லை மிதிக்கக் கூடாது. நம் ஊரில் மணல்மேட்டை லாரியில் அள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே வந்த முதல் வருஷம் அந்த வேலியைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

வாவிக்கரை:

நான் மட்டக்களப்பு. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி எங்கட அம்மம்மா சொல்லுவா: “எல்லாரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள், தண்ணி வாவிப் பக்கத்தால வந்தது.” கடைமடை எழுதினதை வாசிக்கேக்கை அவவின்ட குரல்தான் கேட்டது. பின்பக்கத்தைப் பாருங்கோ. அதைத்தான் சொல்ல வந்தனான்.

குளச்சல்பையன்:

எங்கள் குமரிக் கரையில் புயலே இல்லாமல் கடல் வரும். கள்ளக்கடல் என்போம். காற்று இல்லை, மழை இல்லை, வெயில் அடிக்கும், திடீரென்று தெருவில் கடல். எங்கோ தென்கோடிக் கடலில் நாள்கணக்கில் அடித்த காற்றின் அலை அது. இப்போது ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. 2024 மே மாதம் எச்சரிக்கை இருந்த நாளிலேயே எங்கள் மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள். வெயில் அடிக்கிற கடலைப் பார்த்தால் யாருக்குப் பயம் வரும்? உங்கள் புயல் கணக்கோடு இதையும் ஒரு ஓரத்தில் வையுங்கள்.

கடைமடை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மட்டக்கோல் ஐயா, என் இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூகுள் வரைபடத்தில் பார்த்தால் உயரம் ஒரு நேரம் 2 மீட்டர், இன்னொரு செயலியில் 5 மீட்டர் என்கிறது.

மட்டக்கோல்:

அந்தச் செயலிகள் மலைக்குச் சரி, சதுப்புக்கு ஆகாது. சில மீட்டர் பிசகும், உங்களுக்குத் தேவை சென்டிமீட்டர்.

உங்களிடமே ஒரு அளவுகோல் இருக்கிறது. கொல்லைப்புற வடிகாலில் ஓதம் ஏறி இறங்குகிறதுதானே? அடுத்த பௌர்ணமியன்று, மழையில்லாத காற்றில்லாத நாளாக இருந்தால், ஏற்றம் உச்சிக்கு வரும்போது வடிகாலில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு குச்சி அடித்து அடையாளம் வையுங்கள். பிறகு ஊரில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, அவர்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பைப் பிடித்து, அந்த அடையாளத்திலிருந்து வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்று அளந்துவிடுங்கள். அரை நாள் வேலை. அப்புறம் சுவரில் இருக்கும் கஜா கோட்டையும் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள்.

அலையாத்தி:

அளக்கும்போது வடிகால் பாலத்தின் மேல்தளத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் வழி அடைபடும், முகாமுக்குப் போகும் பாதை அந்தப் பாலம் வழியாகத்தானே. பெரும்பாலும் வீடு மூழ்குவது கடைசியில், பாதை முதலில்.

தோணித்துறை:

ஆடு மாட்டையும் மறக்காதீர்கள். பெரியவர்கள் கிளம்ப மறுப்பது பயமில்லாததால் இல்லை. பசுவைக் கட்டிப்போட்டுவிட்டு எப்படிப் போவது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், “ஒண்ணும் ஆகாது” என்பார்கள். எங்கள் மாமா அப்படித்தான். மாட்டுக்கு மேட்டில் ஒரு இடம் முன்னாடியே பேசி வைத்தால் மனிதர் தானாக வருவார். இதை ஒடிசாவில் இருந்து வந்த படகுக்காரப் பையன்கள் சொன்னார்கள், 1999க்குப் பிறகு அவர்கள் ஊரில் புயல் மையத்தைத் தூண் மேல் கட்டி, மாட்டுக்கும் மேடு போட்டிருக்கிறார்களாம். 2013இல் ஃபைலின் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் நகர்ந்தார்கள். 1999இல் பத்தாயிரம் பேர் போன மாநிலம், இந்த முறை சாவு சில பத்துக்குள் நின்றது.

கடைமடை:

பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அளந்தாகிவிட்டது. கொத்தனார் டியூப்பின் ஒரு முனையை அப்பாவே பிடித்தார், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

பௌர்ணமி ஏற்றத்திலிருந்து வீட்டுத் தரை: 46 சென்டிமீட்டர்.
தரையிலிருந்து கஜா கோடு: 38 சென்டிமீட்டர்.
பௌர்ணமி ஏற்றத்திலிருந்து பாலத்தின் மேல்தளம்: 29 சென்டிமீட்டர்.

மட்டக்கோல்:

நல்ல வேலை. 46உம் 38உம் சேர்த்தால் 84. அன்று அட்டமி, ஏற்றம் பௌர்ணமியைவிட ஒரு சாண் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். சேர்த்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர். அன்று அறிவிப்பில் சொன்ன எண் உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

இதை வைத்து இனிமேல் கணக்குப் போடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளில் “அரை மீட்டர்” என்று வந்தாலே ஏற்ற நேரத்தில் தரை நனையும், பாலம் அதற்கு முன்பே மூழ்கும். “ஒரு மீட்டர்” என்றால் கட்டிலுக்கு மேல். கார்த்திகையில் நம் கடல் மற்ற மாதங்களைவிடச் சில விரற்கடை உயர்ந்தே இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிகாலுக்குள் ஓதம் கடலில் இருப்பதைவிடக் கொஞ்சம் தாழ்வாகவும் தாமதமாகவும் வரும், அதனால் இது தோராயம். தோராயம் பிசகினால் அதிகப் பக்கமே பிசகட்டும் என்று வைத்து முடிவெடுங்கள்.

கடைமடை:

நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். 84 என்றதும் எழுந்து போய் சுவரில் இருக்கிற கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். “அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான், நான்தான் அலைன்னு நெனச்சுட்டேன்” என்றார்.

மனு மாறிவிட்டது. கிழக்கே கல்சுவர் என்பதை எடுத்துவிட்டு, வடிகால் வாயில் இறங்கி ஏறும் பலகை, அதற்கு ஒரு ஆள், பாலத்தை உயர்த்துவது என்று மூன்றும் எழுதியிருக்கிறோம். அப்பாதான் முதல் கையெழுத்து. பசுவுக்கும் ஆடுகளுக்கும் ஊர் நடுவே மேட்டில் என் பெரியம்மா வீட்டுக் கொட்டகை பேசியாகிவிட்டது. அரை மீட்டர் என்று வந்தாலே பகலிலேயே, பாலம் தெரியும்போதே கிளம்புவது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

நான் திருப்பூருக்குப் பஸ் ஏறும்போது அப்பா ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்டோடு பாலத்தடியில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். பௌர்ணமித் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்கு மேலே ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கோடாகப் பாலத்தின் தூணில் ஏற்றிக்கொண்டே போனார்.